சிக்கினார் என்றொரு தீர்ப்பு

ஆங்கிலத்தில் எம்ப்ராய்ல் என்றொரு வினைச்சொல் இருக்கிறது. ஆங்கில தினசரி படிக்கிறவர்கள் அதைச் சந்திக்காமல் ஒரு வாரத்தைக் கழிப்பது கஷ்டம். அமைச்சர் ஒருவர் ஊழல் புகாரிலும், நடிகை ஒருவர் விவாகரத்து வழக்கிலும், பல்கலைக்கழகம் ஒன்று நியமனத் தகராறிலும், ஒரு தேசம் இன்னொரு தேசத்தின் யுத்தத்திலும் எம்ப்ராய்ல் ஆகிறார்கள். தமிழ் தினசரிகளில் இத்தனை பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். சிக்குகிறார்கள். புகாரில் சிக்கினார், வழக்கில் சிக்கினார், சர்ச்சையில் சிக்கினார். இந்த மொழிபெயர்ப்புக்காக எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டார். ஆனால் ஆங்கிலச் சொல் சொல்வதும் தமிழ்ச் சொல் சொல்வதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தில் ஒரு மனிதனின் மானம் போய்விடக்கூடும் என்பதால் கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஆங்கிலச் சொல். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் உள்ளே இருக்கும் 'ப்ரூயே' என்ற பிரெஞ்சு வினைக்குக் கலக்குதல், குழப்புதல் என்று அர்த்தம். வெண்கருவையும் மஞ்சள்கருவையும் சட்டியில் கலக்கிச் செய்யும் முட்டைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இந்த வினையிலிருந்து பிறந்த பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நெருப்பில் வாட்டுவதைக் குறிக்கும் 'ப்ராய்ல்' வேறு பிறப்பு. கல்லூரியில் பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, எம்ப்ராய்ல் என்றால் வறுத்தெடுப்பது என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். அது ரசிக்கத்தக்க கற்பனைதான், ஆனால் சரித்திரம் வேறு. ஷேக்ஸ்பியர் காலத்தில் கலகம், கைகலப்பு என்ற பொருளில் வழங்கிய இன்னொரு 'ப்ராய்ல்' மட்டும் நம் சொல்லுக்கு உறவு. இத்தாலியிலிருந்து பிற்பாடு வந்து சேர்ந்த 'இம்ப்ரோலியோ'வும் அதே குடும்பம்.

அந்த முட்டையைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். கலக்கியபின் மஞ்சள்கரு வெண்கருவில் சிக்கியது என்று யாரும் சொல்வதில்லை. வெண்கரு மஞ்சள்கருவைப் பிடித்துவிட்டது என்றும் சொல்வதில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு குழப்பமாகிவிட்டன. குழப்பியது ஒரு கரண்டி.

இச்சொல்லின் அண்டை வீட்டுக்காரர்களையும் பார்த்துவிட வேண்டும். 'என்ஸ்நேர்' என்றால் கண்ணி உண்டு. ஆகவே வேடனும் உண்டு. 'இம்ப்ளிகேட்' என்றால் மடிப்பு என்ற லத்தீன் வேர் தெரிகிறது. இன்றைய பிரயோகத்தில் ஒரு குற்றமும் அதை நோக்கி நீளும் ஒரு விரலும் அதில் இருக்கின்றன. 'என்டாங்கிள்' நூலுக்கும் தலைமயிருக்கும் பட்டத்துக்கும் காதலுக்கும் பொது. எம்ப்ராய்ல் மட்டும் சண்டை இல்லாத இடத்துக்கு வராது. வேலையில் மூழ்கியவனை, காதலில் விழுந்தவனை இந்த வினையால் சொல்ல முடியாது. காதல் கோர்ட்டுக்குப் போனால் சொல்லலாம். அந்தச் சண்டையும் பெரும்பாலும் அவனுக்கு முன்பே தொடங்கியதாகவோ அவன் கையை மீறிப் போனதாகவோ இருக்கும்.

இலக்கணத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. எம்ப்ராய்ல் செயப்படுபொருள் குன்றாத வினை. ஒருவர் இன்னொருவரை அப்படிச் செய்ய வேண்டும். செய்தித்தாளில் அது பெரும்பாலும் செயப்பாட்டு வினையாக வருகிறது, செய்தவர் பெயர் விடுபட்டுப் போகிறது. ஆனால் விடுபட்ட இடம் காலியாகத் தெரிகிறது. யாரால் என்ற கேள்வியை வாக்கியமே உள்ளே வைத்திருக்கிறது. கேட்க விரும்புகிற வாசகன் கேட்கலாம்.

இப்போது நம் சிக்கு. தமிழில் இதற்கு இரண்டு வாழ்க்கை இருக்கிறது. ஒன்று தலைமயிரில், நூலில். எண்ணெய் வைக்காத தலையில் சிக்கு விழுகிறது. எந்த மயிர் எந்த மயிரைச் சிக்கவைத்தது என்று கேட்பாரில்லை. எல்லாம் சேர்ந்த கோளாறு அது. பொறுமையுள்ள ஒரு கை வந்து எடுக்க வேண்டும். இந்தச் சிக்கு பிரெஞ்சு முட்டைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. மற்றொரு வாழ்க்கை வலையில். மீன் சிக்கியது, புலி சிக்கியது, திருடன் சிக்கினான். இங்கே ஒருபுறம் இரை, மறுபுறம் பிடிக்கிறவன். பிடிக்கிறவன் பக்கம் நியாயம் இருப்பதாகவே வாக்கியத்தின் குரல் ஒலிக்கிறது. தினசரிகள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது சிக்கைத்தான். லஞ்சம் வாங்கிய அதிகாரி கையும் களவுமாகச் சிக்கினார் என்ற வாக்கியத்துக்கு அடுத்த பத்தியில், கருத்துச் சொன்ன எழுத்தாளர் சர்ச்சையில் சிக்கினார் என்று வருகிறது. ஒரே வினை, ஒரே எழுத்தளவு. வாசகனின் மனம் இரண்டையும் தனித்தனித் தட்டில் வைக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

சிக்கு செயப்படுபொருள் குன்றிய வினை. அதில் காலியிடமே கிடையாது. மழை பெய்தது, இலை உதிர்ந்தது, அவர் சிக்கினார். யாரால் என்று கேட்க இலக்கணம் இடம் கொடுப்பதில்லை.

இதற்கு மாற்றாக நம்மிடம் இருப்பது சிக்கவைக்கப்பட்டார் என்ற நீண்ட சொல். அது வேறு ஒரு தீர்ப்பு. பொய் வழக்கில் சிக்கவைக்கப்பட்டார் என்று சொன்னால் அவர் நிரபராதி, பின்னால் ஒரு சதி இருக்கிறது என்றாகிவிடுகிறது. கட்சிப் பத்திரிகைகளில் இதன் புழக்கத்தைக் கவனித்தால் போதும். எதிர்க்கட்சிக்காரர் எப்போதும் சிக்குவார், நம்மவர் எப்போதும் சிக்கவைக்கப்படுவார். இரண்டுக்கும் நடுவே பெரிய ஒரு பிரதேசம் இருக்கிறது. உலகத்தில் வம்புகளில் கிடக்கிற மனிதர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் வசிக்கிறார்கள்: முழுக் குற்றவாளிகளும் இல்லை, சுத்தமான பலிகளும் இல்லை. எம்ப்ராய்ல் அந்த நடுப் பிரதேசத்துக்கு உரிய வினை. நம் அச்சுத் தமிழ் அந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்திருக்கிறது.

இதை இலக்கணப் பூச்சாண்டி என்று நினைப்பவர்கள் பெருமாள்முருகன் விஷயத்தைத் திரும்பப் பார்க்கலாம். மாதொருபாகன் நாவல் 2010-ல் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் நாவலின் பிரதிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரி 9-ஆம் தேதி கடையடைப்பு நடந்தது. ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், அமைதிப் பேச்சு என்ற பெயரில், அவரிடம் மன்னிப்பும் பிரதிகளைத் திரும்பப் பெறும் ஒப்புதலும் எழுதி வாங்கப்பட்டன. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தது அதன் பிறகு. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பேச்சின் முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்ற பொருள்பட தீர்ப்பை முடித்தது. அந்தப் பதினெட்டு மாதமும், அதற்குப் பிறகும்கூட, அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட அடைமொழி என்ன? சர்ச்சையில் சிக்கிய எழுத்தாளர்.

நான்கு வருஷம் அந்த நாவல் புத்தகக் கடையில் இருந்தது. வாங்கினார்கள், படித்தார்கள், மதிப்புரை எழுதினார்கள். சிக்கிய என்ற பெயரெச்சம் அந்த நான்கு வருஷத்தையும் ஒரே விழுங்கில் விழுங்கிவிடுகிறது. வலை முன்பே விரித்துக் கிடந்தது போலவும், எழுத்தாளன் என்ற மீன் அசட்டுத்தனமாக நீந்திப் போய் அதில் விழுந்தது போலவும் ஒரு சித்திரம். விரித்தவர்கள் சித்திரத்தில் இல்லை. சர்ச்சை என்பது யாரோ செய்யும் காரியம். பக்கங்களை நகலெடுத்துக் கொடுக்க வேண்டும், கூட்டம் சேர்க்க வேண்டும், தேதி குறிக்க வேண்டும். இத்தனை உழைப்பையும் ஒரு வேற்றுமை உருபு மறைத்துவிடுகிறது: சர்ச்சை-இல். ஏதோ இடப்பெயர் மாதிரி.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த நாவலே இந்த வினைச்சொல்லைப் பற்றியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காளியும் பொன்னாவும் பிள்ளையில்லாத தம்பதி. தேர்த் திருவிழாவின் ஓர் இரவில் அவளை அனுப்பிவைக்கக் குடும்பம் முடிவு செய்கிறது. காளிக்கு இஷ்டமில்லை. அவன் சம்மதித்துவிட்டான் என்று அவளிடம் சொல்லப்படுகிறது. சொல்பவன் அவளுடைய சொந்த அண்ணன், காளியின் சிநேகிதன். அவன் கெட்டவன் இல்லை. அவளுக்கு நல்லது என்று நம்பித்தான் செய்கிறான். பொன்னா அங்கே போய்ச் சிக்கினாளா? இல்லை, அவள் எந்தத் தப்பையும் தேடிப் போகவில்லை. சிக்கவைக்கப்பட்டாளா? அதுவும் முழுக்கச் சரியில்லை. அவள் தன் காலால் நடந்து போகிறாள், தன் புருஷனுக்காகப் போவதாக நினைத்துக்கொண்டு போகிறாள், அவளுக்குள்ளும் ஓர் ஆசை இருக்கிறது. பாசம், ஊர்ப் பேச்சு, ஒரு பொய், அவளுடைய விருப்பம் எல்லாம் ஒரே சட்டியில் கலக்கப்பட்டிருக்கின்றன. நாவலின் பலமே இந்தக் கலக்கலில்தான் இருக்கிறது. எதிர்த்தவர்களுக்கு இது தெரியவில்லை என்றால் ஆச்சரியமில்லை. ஆதரித்து எழுதியவர்களில் பலரும் கருத்துச் சுதந்திரத்தோடு நின்றுவிட்டார்கள். பொன்னாவுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும் வினைச்சொல்லைத் தேடிய விமர்சனம் நான் படித்தவரை குறைவு.

ஆங்கிலச் சொல்லைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் நடுநிலை பலமுள்ளவர்களுக்கு மிகவும் சௌகரியமானது. 1987 ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்திய ராணுவம் அமைதிப்படை என்ற பெயரில் இலங்கைக்குப் போயிற்று. 1990 மார்ச்சில் திரும்பிற்று. இதைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் இந்தியா அங்கே எம்ப்ராய்ல் ஆகிவிட்டது என்பது சகஜமான வாசகம். விமானத்திலும் கப்பலிலும் படையை அனுப்பிய ஒரு தேசம் கலக்கப்பட்ட முட்டை ஆகிவிடுகிறது. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல அந்த வினை போதாது. சண்டையில் இருவர் நிலையும் கலங்கியிருக்கலாம். கரண்டியைப் பிடித்தவன் தானும் கலக்கப்பட்டதாகச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆக, எம்ப்ராய்ல் என்ற சொல்லும் யார் வாயிலிருந்து வருகிறது, யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று பார்த்தே அளக்க வேண்டியது.

அச்சுத் தமிழ் காலியாக விட்ட இடத்தைப் பேச்சுத் தமிழ் விட்டுவைக்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டேன் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம். மாட்டு என்பது குன்றாவினை: சட்டையை ஆணியில் மாட்டு. அதோடு கொள் என்ற துணைவினை சேர்ந்ததும் விஷயம் மாறிவிடுகிறது. மாட்டிக்கொண்டவன் செய்தவனும் அவனே, பட்டவனும் அவனே என்ற இடத்தில் நிற்கிறான். கொஞ்சம் அசட்டுத்தனம், கொஞ்சம் துரதிர்ஷ்டம். கேட்பவனுக்குக் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் இரக்கம். ஆங்கிலத்துக்கு இப்படியொரு துணைவினை கிடையாது. ஆனாலும் சர்ச்சையில் மாட்டிக்கொண்ட அமைச்சர் என்று எழுதப் பத்திரிகைகளுக்குக் கூச்சம், கௌரவம் குறைந்துவிடுமாம். சிக்கிய என்று சொன்னால் கௌரவம் கூடுகிறதாக்கும்.

பழைய சொல் ஒன்று சிண்டு முடிவது. இரண்டு பேருடைய குடுமியையும் அவர்களுக்குத் தெரியாமல் ஒன்றாக முடிந்துவிட்டால், ஒருவன் தலையை அசைத்ததும் மற்றவனுக்கு வலிக்கும், உடனே சண்டை. குடுமி போய்விட்டது, சொல் இருக்கிறது. சென்னைத் தெருவின் புதிய சொல் கோத்துவிடுவது. (கோர்த்து என்று ஒரு ரகர மெய் சேர்த்தே பலர் எழுதுகிறார்கள், நான் புலவர்கள் கட்சி.) 2020-ல் கொரோனாத் தொற்றால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மே முதல் செப்டம்பர் வரை நான் வசிக்கும் திருமழிசையில் தற்காலிகக் காய்கறிச் சந்தை நடந்தது. மழை பெய்தால் சேறு. லாரிக்காரருக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் ஓயாத வாக்குவாதம். நம்மள எதுக்குப்பா இதுல கோத்து விடுற என்ற வாக்கியத்தைத் தினமும் கேட்கலாம். பூவையோ மணியையோ கோப்பது போல, யாரோ இருவர் சண்டையின் நூலில் மூன்றாவது ஆளைக் கோத்துவிடுவது. ஊசி பிடித்தவன் இருக்கிறான். கோக்கப்பட்டவன் குற்றவாளி இல்லை. சண்டை அவனுக்கு முன்பே இருக்கிறது. எம்ப்ராய்ல் கேட்கும் மூன்று நிபந்தனையும் இதில் நிறைவேறுகின்றன. அகராதிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஏட்டுத் தமிழிலும் தேடினால் இருக்கிறது. பிணங்குதல் என்ற வினைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் மாறுபடுதல் என்றும் பின்னிக்கிடத்தல் என்றும் இரண்டு வகைப் பொருளும் உண்டு. பின்னலும் சண்டையும் ஒரே சொல்லில். கொடிகள் பிணங்கும், மனிதர்களும் பிணங்குவார்கள். நம் ஊரில் பிணக்கு என்பது புருஷன் பெண்டாட்டிக்குள் வரும் செல்லக் கோபமாகச் சுருங்கிப்போயிற்று. இலங்கையில் அப்படி ஆகவில்லை. அங்கே காணிப் பிணக்கு, கைத்தொழிற் பிணக்கு என்று அரசாங்கக் காகிதத்திலேயே அது உயிரோடு இருக்கிறது. நாம் தகராறு என்ற உருதுச் சொல்லோடு திருப்தியாக இருக்கிறோம். அதில் எனக்குப் புகாரில்லை. ஆனால் தகராறில் பின்னல் இல்லை.

பிணங்குதலுக்குப் பக்கத்திலேயே பிணை நிற்கிறது. கட்டுவது, சேர்ப்பது, அதோடு ஜாமீன். பிழைப்புக்கு நான் வங்கிக் குமாஸ்தா. இந்தச் சொல்லோடு தினமும் உட்கார்ந்திருக்கிறேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமாக நீளும் என்கிறது. அதாவது, கடன் வாங்கியவனை முழுக்கத் துரத்தி முடித்த பிறகுதான் ஜாமீன் போட்டவனிடம் வர வேண்டும் என்ற அவசியம் கடன் கொடுத்தவனுக்கு இல்லை. கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. படித்துச் சொன்னாலும் ஒரு சிரிப்போடு போடுகிறார்கள். இந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், கூட வேலை பார்த்தவனுக்காகப் போட்டார். அவன் ஊரைவிட்டே போய்விட்டான். நோட்டீஸோடு வந்தவர் எங்கள் யாரையும் திட்டவில்லை. கையெழுத்து நான் போட்டதுதான் சார், ஆனா கோத்து வுட்டது அவன் என்றார். இரண்டு பாதியும் உண்மை. வங்கிப் பதிவேட்டில் முதல் பாதிக்கு மட்டுமே கட்டம் இருக்கிறது. அவருடைய தெருக்காரர்களுக்கு அது தெரிந்தால் எப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்: லோன் கேஸில் சிக்கிட்டார்.

நிலத்துக்கு நாம் இதைவிட மரியாதை கொடுக்கிறோம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்டால் இன்ன தேதியில் இன்னார் அடமானம் வைத்தார், இன்னார் கிரயம் செய்தார் என்று பதிவான ஒவ்வொன்றும் வரிசையாக வரும். நிலம் சிக்கியது என்று யாரும் எழுதுவதில்லை. யார் எதைச் செய்து நிலத்தின்மேல் ஏற்றினார்கள் என்று பெயரோடு எழுதுகிறார்கள். வில்லங்கம் இருக்கிற மனையை வாங்க மாட்டோம், ஆனால் மனையைக் குற்றம் சொல்ல மாட்டோம். மனிதர்களில் மட்டும் வில்லங்கத்தில் இருப்பவனையே வில்லங்கமான ஆள் என்கிறோம்.

கவிதைக்கு வருகிறேன். புதுக்கவிதையில் சிலந்தி தன் பங்குக்கு மேல் உழைத்துவிட்டது. எழுத்து 1959-ல் தொடங்கியது. இத்தனை வருஷத்தில் சிறுபத்திரிகைகளில் வந்த வலைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினால் பழவேற்காடு ஏரிக்குப் போதும். கவிஞன் அதில் பூச்சி. நகரம் வலை, குடும்பம் வலை, ஆபீஸ் வலை, காலம் வலை. நல்ல கவிதைகளும் அவற்றில் உண்டு. ஆனால் இந்தப் படிமத்தின் இலக்கணம் தினசரியின் இலக்கணம்தான். அங்கே அவர் சிக்கினார், இங்கே நான் சிக்கினேன். தினசரியில் அது குற்றச்சாட்டு, கவிதையில் அது சுய இரக்கம். இரண்டிலும் மற்ற மனிதர்கள் இல்லை. குடும்பம் என்ற வலையில் துடிக்கும் கவிஞன், அந்த வீட்டில் தன் மனைவியும் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதையோ, அவளை அங்கே கோத்துவிட்டதில் தனக்கும் பங்குண்டு என்பதையோ பார்ப்பதில்லை. பார்த்தால் பூச்சியாக இருக்க முடியாது. தலைமயிர்ச் சிக்கை எழுதிய கவிதை, எந்த இழை யாருடையது என்று தெரியாத அந்தக் கலக்கத்தை எழுதிய கவிதை, எண்ணினால் விரல்களுக்குள் அடங்கும்.

திருமழிசையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஆழ்வாரை விட்டுவிட முடியவில்லை. நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்தவிருத்தமும் பாடியவர். இங்கே ஜகந்நாதப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சன்னதி உண்டு. நான் பக்திக்காரன் இல்லை. குருபரம்பரைக் கதை ஒன்றை அதன் வினைச்சொற்களுக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர் காஞ்சியில் திருவெஃகாவில் இருந்த காலம். சீடன் கணிகண்ணனிடம் பல்லவ அரசன் உன் குருவைக் கூட்டி வா என்கிறான். அவர் வரமாட்டார் என்கிறான் சீடன். அப்படியானால் நீயே என்னைப் பாடு என்கிறான் அரசன். மனிதனைப் பாடமாட்டேன் என்றதும் ஊரைவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு.

உத்தரவு சீடனுக்கு மட்டும். ஆழ்வாரை யாரும் போகச் சொல்லவில்லை. சண்டையில் அவருடைய பெயர் அடிபட்டது உண்மைதான். பேசாமல் இருந்திருந்தால் அவர் பாட்டுக்கு இருந்திருக்கலாம். தினசரிப் பாஷையில் அரசியல் சர்ச்சையில் சிக்கிய சீடன், கருத்துக் கூற மறுத்த குரு என்று முடிந்திருக்கும். அவர் எழுந்து கூடவே கிளம்புகிறார். கிளம்பும்போது, கோயிலில் படுத்திருக்கும் பெருமாளிடமும் நீ இங்கே கிடக்க வேண்டாம், பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொள் என்கிறார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு பின்னால் போகிறார். அரசனுக்குப் பெருமாளோடு எந்த விரோதமும் கிடையாது.

ஒருவனுடைய வம்புக்குள் இரண்டாமவரும், இரண்டாமவர் சொல்லி மூன்றாமவரும் போய்ச் சேர்கிறார்கள். எம்ப்ராய்ல் இங்கே பொருந்தாது, யாரும் யாரையும் கலக்கவில்லை. சிக்கவுமில்லை. தெருச்சொல்லில் பார்த்தால் ஆழ்வார் பெருமாளைக் கோத்துவிட்டார் என்று ஒருவன் குறும்பாகச் சொல்லலாம். ஆனால் விடு என்பதை எடுத்துவிட்டுக் கொள் என்பதைப் போட்டால், கோத்துக்கொண்டார்கள் என்றாகிறது. கை கோத்துக்கொள்வது என்ற அர்த்தத்தில். ஒரு துணைவினை மாறியதும் வம்பில் விழுந்தவன் பக்கத்தில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்கு அந்த எழுத்தாளர் போனபோது அவரோடு வழக்கறிஞர் போயிருக்கலாம், நண்பர்கள் போயிருக்கலாம். தமிழ் வாசகர்கள் அப்போது எந்தத் துணைவினையில் இருந்தார்கள் என்பது வேறு கணக்கு.

காஞ்சியைவிட்டுப் போனவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை என்று இன்றும் காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கிறது. அரசன் ஓடிவந்து கெஞ்ச, மூவரும் திரும்புகிறார்கள். திருவெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் மற்றக் கோயில்களில் போல் இல்லாமல் திசை மாறிப் படுத்திருப்பதற்கு, அன்று திரும்பி வந்து படுக்கையை விரித்ததையே காரணமாகச் சொல்வார்கள்.